பரணிலிருந்து இறங்கிய பாத்திரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாமியார் வீட்டுப் பரணிலிருந்து குத்துவிளக்கு, குடம், பானை எல்லாம் வந்திருக்கின்றன. ஒரே கறுப்பு. எது பித்தளை, எது வெண்கலம்? புளி போட்டுத் தேய்த்தால் போதுமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தேய்க்கும் ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பாத்திரம் முழுக்க ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. தேய்த்தால் முலாம் போய்விடும். ஒட்டாவிட்டால், அடிப்பக்கத்தில் ஒரு காசளவு இடத்தை மட்டும் புளித்தண்ணீரால் துடையுங்கள். பளிச்சென்ற மஞ்சள் என்றால் பித்தளை, சிவப்பு என்றால் செம்பு, பழுப்போடிய மங்கல் மஞ்சள் என்றால் வெண்கலம். விரல் கணுவால் தட்டினால் வெண்கலம் நீண்டு ஒலிக்கும். பித்தளை சட்டென்று அடங்கும். வெண்கலப் பானை பிசிறடித்து ஒலித்தால் கீறல் இருக்கிறது, அடுப்பில் ஏற்றாதீர்கள்.

விளக்கில் இருப்பது பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு. அதன் மேலேயே புளியைப் போட்டால் உலோகத்தைத் தொடாது. கறுப்பு போகவில்லையே என்று கம்பி நாரை எடுத்து எல்லோரும் கீறிவிடுவது இந்த இடத்தில்தான். விளக்கின் பாகங்களை இணைக்கும் திருகு இறுகியிருந்தால் பலவந்தமாகத் திருப்ப வேண்டாம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 2 மேசைக்கரண்டி வாஷிங் சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டால் இறுகிய எண்ணெய் இளகும், மரையும் கழலும். இடுக்குகளுக்கு மூங்கில் குச்சி போதும்.

பிறகுதான் புளி. எலுமிச்சை அளவு புளியை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, அரை தேக்கரண்டி உப்புச் சேர்த்துத் தடவி, ஐந்தே நிமிடத்தில் கழுவுங்கள். இரவு முழுக்க ஊறவைத்தால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, சிவப்புத் திட்டுகள் விழும். அதைப் பட்டறையில் மெருகேற்றித்தான் எடுக்க முடியும். இடுக்கில் உப்புத் தங்கினாலும் ஆபத்து, பச்சைக் களிம்பு திரும்ப வரும். நிறையத் தண்ணீரில் அலசி, உடனே துணியால் துடைத்துச் சற்று வெயிலில் வையுங்கள்.

அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாக வெடிப்பு விட்டதற்கு, குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம். தட்டி உருவாக்கிய குடத்துக்கும் அதே கதி வரலாம்.

கேள்வி: தவலையின் உள்ளே வெள்ளி போல இருக்கிறது. அதையும் தேய்த்து எடுக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கூடவே கூடாது. அது ஈயப்பூச்சு, அதாவது வெள்ளீயம் (டின்). புளிப்பு பித்தளையில் படாமல் காப்பதே அதுதான். தேங்காய் நாரும் பாத்திர சோப்பும் போதும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வெறும் தவலையை அடுப்பில் காயவிடாதீர்கள். மஞ்சள் தெரிய ஆரம்பித்துவிட்டால் மறுபடி ஈயம் பூசும் வரை அதில் புளிக்குழம்போ தயிரோ வைக்க வேண்டாம். பூசுபவரிடம் சுத்தமான வெள்ளீயமா என்று கேளுங்கள். காரீயம் (லெட்) கலந்தால் நஞ்சு.

தவலையின் கழுத்தில் புள்ளிப்புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறதா பாருங்கள். அரிசி மாவைத் தடவித் துடைத்தால் எழுத்து வெள்ளையாக எழும்பும். செங்கல் பொடியால் தேய்த்துத் தேய்த்தே பல வீடுகளில் அந்தப் பெயர்கள் அழிந்துவிட்டன. முதலில் படம் எடுத்துவைத்துக்கொண்டு பிறகு கழுவுங்கள்.