லக்சேட்டரால் நெம்பலாமா?

கேள்வி: பி.டி.எஸ். முடித்துப் புதிதாக கிளினிக் போடுகிறேன். பல் பிடுங்க எலிவேட்டர் இருக்கும்போது லக்சேட்டரும் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்குங்கள். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேலை வேறு. லக்சேட்டரின் முனை மெல்லியது, கூரானது. வேருக்கும் எலும்புக்கும் நடுவே உள்ள இடுக்கில் லேசாக ஆட்டியபடி இறக்கி, பல்லைப் பிடித்திருக்கும் நார்களை அறுக்கத்தான் அது. நெம்பினால் முனை ஒடியும் (ஒன்றைப் பாழாக்கியவன் சொல்கிறேன்). நெம்ப எலிவேட்டர். ஃபோர்செப்ஸ் (பல் பிடுங்கும் குறடு) கடைசியில்தான், அதுவும் கிரீடத்தை (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதியை) அல்ல, வேரைக் கவ்வி, அவசரப்படாமல் அழுத்திப் பிடித்தால் எலும்பு கொஞ்சம் விரிந்து கொடுக்கும். மேல் முன்பற்களில் உதட்டுப் பக்க எலும்பு ரொம்ப மெல்லியது, பிறகு அங்கே இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) வைப்பதாக இருந்தால் பெரியோடோம் (நார்களை அறுக்கும் இன்னும் மெல்லிய கருவி) நல்லது. அப்புறம், லக்சேட்டரைத் தீட்டி வையுங்கள், மழுங்கினால் கை தானாக பலத்தைக் கூட்டிவிடும்.