மீன் தொட்டி கேள்வி-பதில்: பச்சைத் தண்ணீரும் அதன் தொல்லைகளும்

கேள்வி: இரண்டடி நீளத் தொட்டியில் எட்டு கோல்ட் ஃபிஷ் வளர்க்கிறேன். தண்ணீர் பட்டாணி நிறத்துக்கு மாறிவிட்டது. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் நன்றாகக் கசக்கிக் கழுவுகிறேன். மூன்றே நாளில் மறுபடியும் பச்சை. தொட்டி ஜன்னலோரம் இருக்கிறது. விளக்கு காலை முதல் இரவு வரை எரியும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், இது பாசிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு வெள்ளைக் கோப்பையில் தொட்டித் தண்ணீரை எடுத்துப் பாருங்கள். பச்சையாகத் தெரிந்தால் மிதக்கும் பாசி. பால் கலந்ததுபோல வெண்மையாக இருந்தால் பாக்டீரியா. தேநீர் நிறத்தில் தெளிவாக இருந்தால் மரக்கட்டையிலிருந்து இறங்கிய சாயம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பாசிதான். இது அழுக்கு இல்லை, தாவரம் போல வெளிச்சத்தில் வளரும் ஒற்றைச் செல் உயிர். சாதாரண ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் சுலபமாகப் புகுந்து வெளியே வந்துவிடும் அளவுக்கு நுண்ணியது. பாதித் தண்ணீரை மாற்றினால் பாதிப் பாசிதான் போகும். மிச்சமிருப்பது, வெளிச்சமும் சத்தும் இருந்தால் ஓரிரு நாளில் இரட்டிப்பாகிவிடும். மூன்றாம் நாள் பச்சை திரும்பக் காரணம் அதுதான்.

ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கசக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது. குளோரின் அதைக் கொன்றுவிடும். பிறகு தண்ணீரில் அம்மோனியா ஏறும். அது மீனுக்கு விஷம், பாசிக்கு விருப்பமான உரம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, ஸ்பாஞ்சை அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும்.

இப்போதைக்கு வேலை செய்யும் வழி இருட்டடிப்பு. கண்ணாடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டிவிட்டு, குளோரினை நீக்கும் மருந்து கலந்த, அதே வெப்பநிலையுள்ள தண்ணீரால் பாதியை மாற்றுங்கள். விளக்கை அணைத்து, நான்கு பக்கமும் மேலேயும் கனமான கறுப்புத் துணியால் மூடுங்கள். ஒளி புகக் கூடாது, காற்று புக வேண்டும். மோட்டார் சூடாகும் இடத்தில் துணி படக் கூடாது. ஃபில்டரும் ஏர் பம்பும் இரவு பகலாக ஓடட்டும். இது கட்டாயம். வெளிச்சமில்லாத பாசி ஆக்சிஜனைத் தராது, தண்ணீரில் இருப்பதையும் உறிஞ்சும். நான்கு முழு நாள் அப்படியே விடுங்கள். மீன்கள் எப்படி இருக்கின்றன என்று தினமும் ஒருமுறை ஓரத்தைத் தூக்கி, மங்கலான வெளிச்சத்தில் நொடி நேரம் பார்த்துக்கொண்டால் போதும். உடல்நலமுள்ள வளர்ந்த மீன் இந்த நாட்களில் தீனியில்லாமல் தாங்கும். குஞ்சுகள் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

ஐந்தாம் நாள் துணியை எடுத்ததும் மறுபடி பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான். செத்த பாசி மட்கும்போது தான் உறிஞ்சி வைத்த சத்தையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடும். அதை வெளியேற்றாவிட்டால் அடுத்த தலைமுறைப் பாசிக்கு நீங்களே உரமிட்டது போலாகிவிடும்.

தெளிந்த பிறகு தொட்டியை ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். முடியாவிட்டால் பின்பக்கக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். விளக்குக்கு டைமர் போட்டு 6 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் தீனி போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 60 × 30 செ.மீ. தொட்டியில் 35 செ.மீ. உயரம் தண்ணீர் நிரப்பினால் 63 லிட்டர். மணல், கல் போக 55 லிட்டர்தான் தேறும். அதிகம் கழிவு போடும் கோல்ட் ஃபிஷ் எட்டு அதில் இருப்பது மிக அதிகம். எண்ணிக்கையைக் குறைக்காமல், பெரிய தொட்டிக்கும் மாற்றாமல் நிரந்தரத் தெளிவு கிடைப்பது கடினம்.

கேள்வி: இருட்டடிப்பு செய்தேன். பச்சை போய், தண்ணீர் வெண்மையாகக் கலங்கிவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

பதில்: செத்த பாசியைத் தின்று பாக்டீரியா பெருகியிருக்கிறது, அது ஆக்சிஜனைத் தீர்க்கிறது. உடனே ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் காற்றைக் குமிழ்களாக விடும் கல்) ஒன்றைக் கூடுதலாகப் போடுங்கள். 30 சதவீதத் தண்ணீரை மாற்றி, அம்மோனியாவைச் சோதியுங்கள். பூஜ்யத்துக்கு மேல் காட்டினால் மறுநாளும் மாற்றுங்கள். ஃபில்டரில் மெல்லிய பஞ்சை வைத்து, அதை மட்டும் தினமும் புதிதாக மாற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொட வேண்டாம். தீனி அறவே வேண்டாம். சில நாட்களில் தெளிந்துவிடும்.

கேள்வி: பாசியைக் கொல்ல 9 வாட் யூவி (புற ஊதாக் கதிர்) விளக்கு வாங்கிப் பொருத்திப் பத்து நாளாகிறது. 100 லிட்டர் தொட்டி. பச்சை குறையவே இல்லை.

பதில்: அந்த அளவுத் தொட்டிக்கு 9 வாட் தாராளம். கோளாறு பெரும்பாலும் தண்ணீர் ஓடும் விதத்தில் இருக்கும். யூவி கருவிக்குள் தண்ணீர் விரைந்து ஓடினால் பாசி செல்லின் மீது கதிர் போதுமான நேரம் படாது. மோட்டாரின் வேகத்தைக் குறையுங்கள். கருவியின் பெட்டியில் அதற்கென்று அச்சிட்டிருக்கும் ஓட்ட அளவைத் தாண்டக் கூடாது. ஃபில்டரைக் கடந்து வரும் சுத்தமான தண்ணீர்தான் கருவிக்குள் போக வேண்டும். தூசு நிறைந்த தண்ணீரில் கதிர் ஊடுருவாது. விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் சுண்ணாம்புப் படிவு இருந்தால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கழற்றி, வினிகரில் ஊறவைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள்.

பழைய விளக்கு என்றால் அதையும் சந்தேகியுங்கள். நீல ஒளி தெரிவதால் மட்டும் யூவி வருகிறது என்று பொருளில்லை. ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து எரிந்ததும் திறன் குறைந்துவிடும். எரியும் விளக்கை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாசிக்கு யூவி எதுவும் செய்யாது, அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மீனுக்கு மருந்து போடும் நாட்களில் யூவியை அணைத்துவிடுங்கள், சில மருந்துகளை அது சிதைத்துவிடும்.

கேள்வி: தொட்டியில் இறாலும் நத்தையும் உள்ளன. பாசி கொல்லி மருந்து ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். பல மருந்துகளில் தாமிரம் இருக்கிறது. அது இறாலையும் நத்தையையும் முதலில் கொல்லும்.

கேள்வி: தண்ணீரை மாற்ற மாற்ற நைட்ரேட் குறையாமல் அப்படியே நிற்கிறது. ஏன்?

பதில்: குழாய்த் தண்ணீரையே சோதித்துப் பாருங்கள். அதில் 20 பி.பி.எம். (லிட்டருக்கு 20 மி.கி.) நைட்ரேட் இருந்தால், எத்தனை வாளி மாற்றினாலும் அதற்குக் கீழே இறங்காது. அங்கே செடிதான் துணை. ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடி போல வேகமாக வளரும் செடி, பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். கோல்ட் ஃபிஷ் செடிகளைத் தின்றுவிடுகிறது என்றால், மணி பிளாண்ட் கொடியை விளிம்பில் கட்டி, வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி விடுங்கள். இலை வெளியே இருக்கட்டும். கொடி வளர்ந்ததும் நறுக்கி அப்புறப்படுத்துங்கள். அப்படி நறுக்கும்போதுதான் அது உறிஞ்சிய நைட்ரேட் உண்மையில் தொட்டியை விட்டு வெளியேறுகிறது. பழுத்து விழும் இலையை ஊறவிட்டால் அந்தச் சத்து மறுபடி தண்ணீருக்கே வந்து சேரும்.