மாறனா, மாரனா?

மகன் பிறந்து இரண்டு மாதமாகிறது. 'மாறன்' என்று பெயர் வைக்க ஆசை என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வீட்டில் மூன்று தடைகளாம். 'பேச்சு மாறுகிறவன் என்று அர்த்தம் வரும்' என்கிறார் மாமியார். 'அது மன்மதன் பெயராயிற்றே' என்கிறார் மைத்துனர். டெல்லியில் இருக்கும் அக்காவோ, 'இங்கே இதை மரணம் என்று படிப்பார்கள்' என்று பயமுறுத்துகிறார்.

தாராளமாக வையுங்கள். மூவரில் அக்கா சொல்வதைத்தான் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் மைத்துனர். அவர் நினைப்பது இடையின ரகரம் போட்ட மாரன். அது வடசொல், மன்மதனுக்குப் பெயர். புத்தரின் தவத்தைக் கலைக்க வந்தவனும் அந்த மாரன்தான். அவனை வென்றவர் என்றே மணிமேகலை புத்தரைப் போற்றுகிறது. உங்கள் மகனுக்கு நீங்கள் நினைத்திருப்பது வல்லின றகரம் போட்ட மாறன். மரமும் மறமும் எப்படி வேறோ, அப்படி இதுவும் வேறு. இன்று பெரும்பாலோர் வாயில் இரண்டும் ஒன்றாகவே ஒலிப்பதால் வருகிற குழப்பம் இது. குமரி மாவட்டத்துக்காரர் யாரிடமாவது சொல்லச் சொன்னால் வித்தியாசம் காதிலேயே தெரிந்துவிடும். சுகுமாரன் என்ற பெயரை 'சுகுமாறன்' என்று எழுதுவதும் இதே குழப்பம்தான். அது சு + குமாரன். அதில் மாறனுக்கு வேலையே இல்லை.

மாறன் என்பது பாண்டியர்களின் குடிப்பெயர். சங்கப் புலவர்கள் பாடிய பாண்டியர்களில் நன்மாறன் என்று பெயர் கொண்டவர்கள் ஒருவருக்கு மேல் உண்டு. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று இறந்த இடத்தைச் சேர்த்துச் சொல்லித்தான் அவர்களைப் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. பின்னால் வந்த பாண்டியர்கள் மாறவர்மன், சடையவர்மன் என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். 1216-இல் அரியணை ஏறிய சுந்தர பாண்டியன் ஒரு மாறவர்மன்.

மாமியாரின் கவலைக்கு நம்மாழ்வார் கதையே பதில். குருகூரில் காரி என்பவருக்குப் பிறந்த குழந்தை அழவில்லை, பால் குடிக்கவில்லை. உலக இயல்புக்கு மாறாக இருந்ததால் மாறன் என்று பெயரிட்டார்கள் என்பது வைணவ மரபு. மதுரகவியாழ்வார் அவரைக் 'காரிமாறப் பிரான்' என்றே பாடுகிறார். மாறு என்ற சொல்லுக்குள் எதிர்த்து நிற்பதும் அடங்கும். பகைவரை மாற்றார் என்கிறோம் அல்லவா? இன்னொன்றையும் மாமியாரிடம் சொல்லுங்கள். பேரனை அவர் எப்படிக் கூப்பிடுவார்? 'மாறா' என்றுதானே! மாறா அன்பு என்கிறோமே, அந்த மாறா. வாய் நிறைய 'மாறாதவனே' என்று அழைத்துக்கொண்டு, மாறுகிறவன் என்று கவலைப்படுவானேன்.

சைவருக்கும் இது சொந்தப் பெயர். அறுபத்துமூவரில் நின்றசீர் நெடுமாறன் ஒருவர். அவர் மனைவி மங்கையர்க்கரசியும் அதே வரிசையில் இருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் வடமொழிப் பெயர்களை விட்டுத் தமிழ்ப்பெயர் சூடிக்கொள்ளும் இயக்கம் எழுந்தபோது, கோயில் பக்கமே போகாதவர்களும் இதை விரும்பி எடுத்தார்கள். முரசொலி மாறனின் இயற்பெயர் தியாகராஜசுந்தரம். திருநீறு, திருமண், கறுப்புச் சட்டை மூன்றுக்கும் பொதுவான பெயர் வேறு சட்டென்று என் நினைவுக்கு வரவில்லை.

புழக்கத்தில் இது தனியாக வருவதைவிட இளமாறன், நெடுமாறன், வெற்றிமாறன் என்று அடைமொழியோடு வருவதையே அதிகம் பார்க்கிறேன். வகுப்பில் இன்னொரு மாறன் இருந்துவிடுவானோ என்று தயங்கினால் இவற்றில் ஒன்றை எடுக்கலாம். என்னைக் கேட்டால் தனி மாறனே அழகு.

இனி அக்கா. ஆங்கிலத்தில் எம், ஏ, ஆர், ஏ, என் என்று ஐந்தே எழுத்தில் எழுதினால், இந்தி தெரிந்தவர் அதை 'மரண்' என்று படிக்க நிறையவே வாய்ப்பு உண்டு. பள்ளியிலோ வேலையிலோ பையன் வடக்கே போனால் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டிவரும். எம்மை அடுத்து ஏ இரண்டு போடுங்கள், நெடில் தெளிவாகிவிடும். திரைப்பட இயக்குநர் வெற்றிமாறன் தம் பெயரை அப்படித்தான் எழுதுகிறார். எண்கணிதத்துக்காகச் செருகும் எழுத்தல்ல இது, உச்சரிப்புக்கே தேவைப்படுவது.

குழந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவில் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது அலைச்சல். அரசிதழ் வரை போக வேண்டிவரும். ஆகவே எழுத்துகளை ஒரு தாளில் தெளிவாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். தட்டச்சு செய்பவர் கைக்கு ரகரம்தான் முதலில் வரும். தமிழில் றகரம் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.