தங்கத்தட்டும் சின்ன எஸ்.பி.பி.யும்

அன்புள்ள ஐயா,

நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் பாடுகிறவன். கோயில் திருவிழா, காதுகுத்து, கல்யாண வரவேற்பு என்று வேதாரண்யத்திலிருந்து பேராவூரணி வரைக்கும் எங்களுக்குக் கச்சேரி உண்டு. ஆரம்பத்தில் எல்லார் பாட்டும் பாடினேன். எனக்கு மனசார பிடித்தவர் டி.எம்.எஸ். ஆனால் ஒரு திருவிழாவில் எஸ்.பி.பி. பாட்டு ஒன்று நன்றாக அமைந்துவிட, அறிவிப்பாளர் 'நம்ம டெல்டாவின் சின்ன எஸ்.பி.பி.' என்று மைக்கில் சொல்லிவிட்டார். அன்றோடு சரி. அப்புறம் நோட்டீஸில் அந்தப் பெயர்தான்.

2020இல் எஸ்.பி.பி. இறந்த பிறகு நிலைமை இன்னும் இறுகிவிட்டது. ஊரடங்கு முடிந்து முதல் கச்சேரியில் பாடி இறங்கியபோது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது பெருமைதான். ஆனால் இப்போது டீக்கடையில் நான் சிகரெட் பற்றவைத்தால் 'அவர் பேரை வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமாண்ணே' என்கிறார்கள். சர்க்கரை வந்து உடம்பு இளைத்தபோது விழாக் கமிட்டித் தலைவர் என் ஆரோக்கியத்தைக் கேட்கவில்லை, 'பழைய மாதிரி ஆயிருங்க' என்றார். மேடையில் டி.எம்.எஸ். பாட்டு எடுத்தால் கீழேயிருந்து துண்டுச்சீட்டு வருகிறது, 'எஸ்.பி.பி. பாடவும்' என்று.

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள். பி.டி.எஸ். என்ற கொரியப் பாட்டுக்குழு என்றால் அவளுக்கு உயிர். 'பாடகர்களின் இமேஜை கம்பெனிகள்தான் உண்டாக்கும். உங்களுக்குக் கம்பெனி கிடையாது, அதான் ஊர்க்காரங்க இழுத்த இழுப்புக்குப் போறீங்க' என்கிறாள். ஜனங்கள்தான் உண்டாக்குகிறார்கள் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?

பெயர் வேண்டாம், ஐயா. கமிட்டிக்காரர்களும் படிப்பார்கள்.

*

அன்புள்ள நண்பருக்கு,

சிகரெட்டிலிருந்தே தொடங்குகிறேன். எஸ்.பி.பி. பல வருஷம் புகைபிடித்தவர். அதைப் பேட்டிகளில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். தொண்டைக்காகப் பெரிய பத்தியமெல்லாம் இருந்ததில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்வார். பின்னால் புகையை விட்டுவிட்டார். ஆக, எஸ்.பி.பி. வாழ்ந்ததைவிடக் கறாரான ஒரு எஸ்.பி.பி. வாழ்க்கையை உங்களை வாழச் சொல்கிறார்கள். டீக்கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார். நம்பினாலும் அடுத்த நாள் மறந்துவிடுவார். (சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள். அதற்காகச் சிகரெட்டை விடுங்கள். அது வேறு கணக்கு.)

நானும் உங்கள் கட்சிதான், சின்னத் திருத்தத்தோடு. ஒரு பாடகரைப் பற்றிய செய்திகள் கம்பெனியிலிருந்து வரலாம், பத்திரிகையிலிருந்து வரலாம், அவர் வாயிலிருந்தே வரலாம். அதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப்போடுவது என்பதைக் கேட்கிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். முடிவு செய்தபிறகு அதை மாற்றும் உரிமையைப் பாடகருக்குத் தருவதே இல்லை.

உங்கள் மகள் சொல்லும் மாதிரியான கம்பெனிகள் இல்லாத காலத்து ஆள் ஒருவர் நம் பக்கத்திலேயே பிறந்திருக்கிறார். எம்.கே. தியாகராஜ பாகவதர், 1910, மாயவரம். பொற்கொல்லர் குடும்பம். வளர்ந்தது திருச்சியில். 1934இல் அவர் பாடி நடித்த பவளக்கொடி படம் வெளிவந்தபோது அவரை ஊர் ஊராகக் கொண்டுபோனது பாட்டுப் புத்தகமும் கிராமபோன் தட்டும் டூரிங் டாக்கீஸும்தான். மீதி வேலையை ஜனங்கள் பார்த்துக்கொண்டார்கள். பாகவதர் தங்கத்தட்டில்தான் சாப்பிடுவார் என்ற கதையைக் குத்தாலம் பக்கம் எனக்குச் சொல்லாத பெரியவர் இல்லை. கவனித்திருக்கிறேன், மிராசுதார் வீட்டுக் கிழவர்கள் அதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். நாற்றங்காலில் நின்று கஞ்சி குடித்தவர்கள்தான் தட்டின் கனம், விளிம்பு வேலைப்பாடு, அதில் என்ன பரிமாறினார்கள் என்பதுவரை சொல்வார்கள். தட்டு நிஜமாக இருந்ததா என்று நான் தேடப்போவதில்லை. இவர்கள் தங்கள் ஆசையையெல்லாம் போட்டுவைக்க ஒரு ஆள் தேவைப்பட்டார், பாகவதர் கிடைத்தார்.

அப்புறம் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான பதில். 1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வந்தது. அந்த வருஷம் முடிவதற்குள், மஞ்சள் பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைது செய்யப்பட்டார். படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. யோசித்துப் பாருங்கள், ஆள் சிறையில், படம் தியேட்டரில். கொலை வழக்குக் கைதியின் படத்தை நாங்கள் பார்க்கமாட்டோம் என்று ஜனங்கள் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். திரையில் இருந்தவருக்கும் சிறையில் இருந்தவருக்கும் அவர்கள் கணக்கில் சம்பந்தமே இல்லை.

வழக்கு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947இல் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். 1948இல் ராஜமுக்தி வந்தது, ஓடவில்லை. அடுத்து வந்தவையும் அப்படித்தான். 1959இல் இறந்தபோது அவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. படங்களின் போக்கு மாறிவிட்டது, வசனம் பாட்டை ஓரங்கட்டிவிட்டது என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதே வழக்கில், அதே சிறையில் இருந்து, அதே வருஷம் வெளியே வந்த இன்னொருவர் உண்டே, நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவரை ஜனங்கள் விட்ட இடத்திலிருந்து சேர்த்துக்கொண்டார்கள். 1949இல் நல்லதம்பியில் அவர்தான் கதாநாயகன்.

என் ஊகம் இது. கலைவாணருக்கு ஜனங்கள் வைத்திருந்த உருவத்தில் அடிபட்ட மனுஷனுக்கு இடம் இருந்தது. சிறைக்குப் போய்வந்து சிரிக்கவைக்கிறவர் இன்னும் நம்ம ஆள். தங்கத்தட்டுக்காரர் சிறைக் களியைத் தின்றுவிட்டு வந்தால் எங்கே வைப்பது? அவருக்கு ஒரு சுருக்கம்கூட அனுமதி இல்லை. நீதிமன்றம் விடுவித்தது, ரசிகர்கள் விடுவிக்கவில்லை. யாரும் கோபப்படவில்லை, திட்டவில்லை. வெளியே வந்தவரைவிடப் பழைய பாகவதரையே அவர்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். உங்கள் கமிட்டித் தலைவர் 'பழைய மாதிரி ஆயிருங்க' என்றாரே, அதேதான்.

இன்னொருவர் நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. அவர் சினிமாப் பாட்டுக்காரர் இல்லை, ஆனால் அந்தக் காலத்து டெல்டாவில் அவருக்கு இருந்த கூட்டம் எந்த நடிகருக்கும் குறைந்ததில்லை. அவர் இறந்தது 1956இல். அவரைப் பற்றிய கதைகள் இன்னும் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே டீக்கடைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி கதை: சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், முறைத்துக்கொண்டு போய்விடுவார், மனசு வந்தால் தோடி ராகத்தை விடியவிடிய வாசிப்பார். கிராப்பு, கோட்டு, கார் எல்லாம் சேர்த்து 'ஆளுக்குத் திமிர்' என்று முடிப்பார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும்.

எனக்கு அந்தச் சந்தோஷத்தின் மேல் ஒரு வழக்கு உண்டு. நாதஸ்வரக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமிக்கும் மிராசுதாருக்கும் முன்னால் நடந்தபடியே வாசிக்க வேண்டும் என்று இருந்த காலம் அது. அவர் மேடையில் உட்கார்ந்து வாசித்ததும், சுருதி பிடிக்கும் ஒத்துக்குழலுக்குப் பதிலாக வேறு சுருதி வைத்துக்கொண்டதும், கோட்டு போட்டதும் மரியாதை கேட்ட காரியங்கள். வாய்ப்பாட்டு வித்வான் ஒருவர் இதே பிடிவாதத்தைக் காட்டினால் 'வித்வத் கர்வம்' என்பார்கள். இவருக்கு மட்டும் திமிர். அவர் கேட்ட மரியாதையைக் கதையாக்கிச் சிரித்துவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை பாருங்கள். அன்போடுதான் செய்தார்கள். அன்பும் அப்படித்தான் வேலை செய்கிறது.

சரி, எஸ்.பி.பி.க்கு வருவோம். அவருக்கு ரசிகர்கள் செய்த உருவம் தனியாகச் செய்ததில்லை, ஜோடியாகச் செய்தது. இளையராஜா கோபக்காரர், பாலு பணிவானவர். ஒருவர் கண்டிப்பு, ஒருவர் குழைவு. அவர்கள் உழைத்த விதமெல்லாம் பாட்டைக் கேட்டால் தெரியும், ஆனால் நமக்கு இந்தச் சுருக்கம் வசதியாக இருந்தது. 2017இல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது பாட்டு உரிமை தொடர்பாக இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. காப்புரிமை என்பது சட்டக் கேள்வி. இசையமைப்பாளருக்கு என்ன உரிமை, பாடகருக்கு என்ன உரிமை, தயாரிப்பாளருக்கு என்ன உரிமை என்று நாம் கற்றுக்கொள்ள அருமையான சந்தர்ப்பம். யாரும் சட்டம் பேசவில்லை. ஏற்கனவே எழுதிவைத்த கதையில் இன்னொரு காட்சி வந்துவிட்டது என்று ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. உங்கள் கச்சேரிப் பட்டியல் முழுக்க இந்த இருவரும் சேர்ந்து செய்த பாட்டுகள்தான் இருக்கும். பாதிக் கச்சேரியில் யாராவது எழுந்து உங்களிடம் நியாயம் கேட்டிருப்பார்கள், இல்லையா?

பிறகு 2020 ஆகஸ்ட் 20ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு எல்லாரும் அவர் குரலை ஒலிக்கவிட்டுப் பிரார்த்தனை செய்தோம். செப்டம்பர் 25இல் அவர் போய்விட்டார். கோவிட் காலத்தில் எத்தனையோ பேர் தங்கள் வீட்டுச் சாவுக்கே போக முடியாமல் இருந்தார்கள். உங்கள் கையைப் பிடித்து அழுத அம்மா யாருக்காக அழுதார் என்று நமக்கு எப்படித் தெரியும்?

உங்கள் மகளின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. கொரியாவில் சிறு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்து, வருஷக்கணக்கில் பாட்டும் ஆட்டமும் பேச்சும் பழக்கித்தான் மேடைக்கு அனுப்புகிறார்கள். ஆனால் பி.டி.எஸ். ஆரம்பித்தபோது அந்தக் கம்பெனி அங்கே பெரிய கம்பெனி இல்லை. அவர்களை அமெரிக்காவில் கொண்டுபோய் நிறுத்தியதில் 2017 பில்போர்டு விருதுக்கு ஒரு பங்கு உண்டு. அது ரசிகர்கள் ஓட்டுப்போட்டுக் கொடுத்த விருது. பாட்டு வரிகளை மொழிபெயர்த்ததும், பேட்டிகளுக்கு அடியில் எழுத்து ஓட்டியதும் நிறைய உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள்தான், சம்பளம் இல்லாமல்.

2024 ஜனவரியில் கரூர்ப் பக்கத்துப் பள்ளிச் சிறுமிகள் மூன்று பேர் அவர்களைப் பார்க்கக் கொரியாவுக்குப் போவதாகக் கையில் கொஞ்சம் பணத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். காட்பாடியில் மீட்கப்பட்டார்கள். செய்தி வந்தபோது நிறையப் பேர் கேலி செய்தார்கள். தங்கத்தட்டின் விளிம்பு வேலைப்பாட்டைச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள்தானே அந்தக் கேலிக்காரர்களும்? எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தூரத்துப் பையன்கள் நம்மைப் புரிந்துகொள்வார்கள் என்று பதிமூன்று வயசில் ஒரு பெண் நம்பினால், பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாராவது கேட்டிருக்கலாம்.

உங்கள் துண்டுச்சீட்டு விஷயம் உலகப் பொதுவானது. 2017இல் லண்டன் வெம்ப்ளியில் ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரி நடந்தது. அவர் தமிழ்ப் பாட்டு அதிகம் பாடிவிட்டார் என்று இந்தி ரசிகர்கள் சிலர் எழுந்து போனார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். நாமெல்லாம் கொதித்தோம். அவர்களுக்குத் தெரிந்த ரஹ்மான் இந்திக்காரர், வேறு ரஹ்மானை மேடையில் பார்த்ததும் ஏமாற்றப்பட்டதாக நினைத்தார்கள். அதே கொதிப்போடு ஊருக்கு வந்து உங்களை டி.எம்.எஸ். பாடவிடாமல் சீட்டு அனுப்புவதும் நாம்தான்.

இனி கச்சேரிக் காரியம். உங்கள் நிகழ்ச்சி அநேகமாக 'விநாயகனே வினை தீர்ப்பவனே'யில் ஆரம்பித்து, இரண்டாவதோ மூன்றாவதோ 'இறைவனிடம் கையேந்துங்கள்' வரும். முதல் பாட்டு நம் சீர்காழி கோவிந்தராஜன். அவர் 'அமுதும் தேனும் எதற்கு' என்று காதல் பாட்டு பாடியவர். ஜனங்கள் அந்தப் பாட்டை ரசித்துக்கொண்டே நெற்றி விபூதியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டார்கள். அடுத்த பாட்டு நாகூர் ஹனிபா. தர்காவுக்கும் தி.மு.க. மேடைக்கும் ஒரே தொண்டையால் பாடியவர். மாரியம்மன் கோயில் திடலில் அந்தப் பாட்டைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் விஷயத்தில் மட்டும் கட்சிக்காரர்களும் பக்தர்களும் ஆளுக்கொரு ஹனிபாவை வைத்துக்கொண்டு, மற்றவரின் ஹனிபாவைத் தொந்தரவு செய்யாமல் இருந்தார்கள். அது அபூர்வம்.

அதனால் நீங்களும் இரண்டாவது ஆளாக ஒரு இடத்தைப் பிடிக்கப் பாருங்கள், முதல் ஆளை விரட்ட வேண்டாம். எஸ்.பி.பி. தான் உங்களுக்குச் சோறு போடுகிறார். டி.எம்.எஸ்.ஸை நடுக்கச்சேரியில் நுழைக்காதீர்கள், அப்போதுதான் சீட்டு வரும். கூட்டம் சேராத ஆரம்பத்தில், பக்திப் பாட்டோடு ஒரு முருகன் பாட்டாக எடுங்கள். அங்கே யாரும் எதிர்க்கமாட்டார்கள். பழகியபிறகு ஒரு சோகப் பாட்டு. நோட்டீஸில் பட்டப்பெயருக்குக் கீழே உங்கள் சொந்தப் பெயரை அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். முடியாது என்றால் ரேட்டை ஏற்றுங்கள்.

அப்புறம் ஒன்று. சீட்டு கீழேயிருந்துதானே வருகிறது? உங்களுக்கு வேண்டியவர்கள் நாலு பேரைக் கூட்டத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்து 'டி.எம்.எஸ். பாடவும்' என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கையெழுத்து வேறு வேறாக இருக்கட்டும். இதில் உங்கள் மகளுக்கு என்னைவிட அனுபவம் அதிகம், அவளிடம் கேளுங்கள்.