கேள்வி – பதில்: ஆறுமுகம் ஆரோனான கதை

கேள்வி: சீர்திருத்தத் (புராட்டஸ்டன்ட்) திருச்சபையின் முதல் இந்தியப் போதகரான ஆரோன், எந்தப் பின்னணியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தார்?

பதில்: கடலூரில் சைவ வேளாளர் குடும்பத்தில் ஆறுமுகமாகப் பிறந்த அவர், லுத்தரன் மிஷனரிகள் அங்கு நடத்திய பள்ளியின் தொடர்பால் புதிய மார்க்கத்தை அறிந்து, 1718ஆம் ஆண்டு, ஏறத்தாழ 20 வயதில், ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த ஆண்டே சீகன்பால்கு காலமானார். பின்னர் குருப்பட்டம் பெறாத சமய போதகரான உபதேசியாராக உழைத்த ஆரோனுக்கு 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. ஐரோப்பியக் குருமார் மட்டுமே நற்கருணை (வழிபாட்டில் தரப்படும் புனித அப்பமும் திராட்சை ரசமும்) வழங்கிவந்த அந்தச் சபையில் ஒரு தமிழர் அவ்வுரிமையைப் பெற்றது, அவருடைய மதமாற்றத்தைக் காட்டிலும் பெரிய செய்தி என்பது என் கருத்து. தஞ்சை நாட்டுக் கிராமச் சபைகளில் பணியாற்றிய அவர் 1745இல் காலமானார்.