அடக்கத் திருப்பலியில் சிறிய பாடற்குழு எதைப் பாடலாம்?

ஏழெட்டுப் பேர் உள்ள பங்குப் பாடற்குழு, ஒரே நாள் அவகாசம், அடக்கத் திருப்பலிக்கு எளிய பாடல்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக இத்திருப்பலிகளில் பாடிவருகிறேன். முதலில், நான்கு குரல்களும் (பெண்களில் இரண்டு, ஆண்களில் இரண்டு) வந்தால்தான் நிற்கும் பாடல்களை ஒதுக்கிவையுங்கள். வார நாளில் யார் வருவார்கள் என்பது காலையில்தான் தெரியும்.

அதனால்தான் திருச்சபையின் பழைய இலத்தீன் வழிபாட்டு இசையான கிரகோரியன் இசையை வற்புறுத்துகிறேன். ஒரே குரல் வரிசை, ஆர்மோனியம்கூடத் தேவையில்லை. வருகைக்கு ‘ரெக்வியெம் எத்தெர்னாம்’ பாடலாம். இறந்தோருக்காக நாம் செபிக்கும் ‘நித்திய இளைப்பாற்றி’தான் அது. பதிலுரைப் பாடல் மட்டும் தமிழிலேயே இருக்கட்டும். 23ஆம் திருப்பாடல் போதும். சுருதியைத் தாழ்த்தி வையுங்கள். அழுது கம்மிய குரலோடு குடும்பத்தாரும் பல்லவியில் சேர வேண்டும்.

பெரியவர்கள் சிலர், இறுதித் தீர்ப்பு நாளின் அச்சத்தைப் பாடும் பழைய இலத்தீன் பாடலான ‘தியெஸ் ஈரே’ கேட்பார்கள். மகத்தான பாடல்தான். ஆனால் கிறிஸ்தவ மரணத்தின் பாஸ்கா தன்மை, அதாவது கிறிஸ்துவோடு இறந்து உயிர்த்தெழும் நம்பிக்கை, அடக்கச் சடங்கில் தெளிவாக வெளிப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் கேட்டது. 1969இல் வந்த புதிய சடங்குமுறையில் அப்பாடல் இல்லை. தவக்காலம் தவிர மற்ற நாள்களில் அல்லேலூயா பாடலாம், தயங்காமல் பாடுங்கள். அழவைப்பதற்கென்றே பாடல் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வந்திருப்பவர்கள் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கிறார்கள். நம்பிக்கையைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.

நான்கு குரல்களும் கிடைத்துவிட்டால் திருவிருந்து நேரத்தில் மொசார்ட்டின் ‘ஆவே வேரும் கோர்புஸ்’. 1791இல் எழுதியது, 46 தாள அளவைகளே (bars). மரணச் சோதனையில் நீரே எங்களுக்கு முன்சுவையாக இரும் என்று முடிவதால் அந்த வேளைக்கு அவ்வளவு பொருந்துகிறது. முற்பகுதி எளிது. இறுதியில் பெண் குரல்களை ஆண் குரல்கள் பின்தொடரும் இடத்தைத்தான் ஒத்திகையில் திரும்பத் திரும்பப் பாட வேண்டும்.

உங்கள் உழைப்பில் பெரும் பங்கு ‘இன் பாரதீசும்’ பாடலுக்கே போகட்டும். வானதூதர்கள் உன்னை விண்ணகம் அழைத்துச் செல்வார்களாக, ஒருகாலத்தில் ஏழையாயிருந்த இலாசருடன் நீ நிலையான இளைப்பாற்றி பெறுவாயாக என்று இறந்தவரிடமே பேசும் பாடல் அது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் இசையமைப்பும் அழகுதான், ஆனால் ஆர்கன் நன்றாக வாசிப்பவர் வேண்டும். கிரகோரியன் மெட்டுக்கு உங்கள் குரல் போதும். சவப்பெட்டியைத் தூக்கக் குனியும்போதே தொடங்கிவிடுங்கள். வாசலை அடையும் முன் முடிந்துவிட்டால் மறுபடி பாடுங்கள். ஒலிபெருக்கியில் பதிவைப் போட வேண்டாம்.