பித்தளையில் செய்த சாக்சபோனுக்கு சிம்பொனி இசைக்குழுவில் ஏன் நிரந்தர இடமில்லை?

அது பிந்திப் பிறந்ததுதான் முக்கியக் காரணம். பெல்ஜியத்தின் தினான் ஊரில் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ், 1846இல்தான் பிரான்சில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மொசார்ட்டும் பேத்தோவனும் அதற்கு முன்பே மறைந்துவிட்டார்கள். அவர்களுடைய சிம்பொனிகளில் இதற்கு வேலையே இல்லை. பிரெஞ்சு ராணுவ வாத்தியக் குழுக்கள் இதை ஏற்றுக்கொண்டன. போட்டித் தயாரிப்பாளர்களோ வழக்குமேல் வழக்குத் தொடுத்தார்கள், சாக்ஸ் திவாலானார். நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

உடல் பித்தளை என்றாலும் ஒலி பிறப்பது நாணல் சீவாளியின் அதிர்வில். அதனால் இது கிளாரினெட்டோடு மரக்காற்றுக் கருவிகளில் சேரும்.

சாக்சபோனைக் கொண்டாடும் இசைக்குழுக் கச்சேரி எதற்காவது போனால், ரஷ்ய இசையமைப்பாளர் கிளாசுனோவ் 1934இல் எழுதிய கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியத்தை முன்னிறுத்தி இசைக்குழு துணை வாசிக்கும் படைப்பு) நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆல்டோ சாக்சபோனுக்குத் துணையாக அதில் வயலின் போன்ற, வில்லால் வாசிக்கும் தந்திக் கருவிகள் மட்டுமே. மனிதக் குரலுக்கு அவ்வளவு நெருக்கமாக அந்த வாத்தியம் பாடும்.